கறிவேப்பிலையில் எது இலை?

"சின்னம்மா, கறிவேப்பிலையில எது இலை?"

கேட்டவள் என் பெறாமகள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ரியூசனுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் தங்கியிருக்கிறாள். பருப்புக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை உருவித் தரச் சொல்லியிருந்தேன். உருவி முடிய வெறும் ஈர்க்கு கையில் மிஞ்சியது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். "இதைத் தண்டு எண்டு எழுதினன். பிழை போட்டுட்டினம்."

பிழைதான். ஏன் பிழை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சந்தையில் கட்டாக வாங்கி வந்த கொப்பு ஒன்றை எடுத்து, உருவாத ஓர் ஈர்க்கு கொப்போடு சேரும் மூலையைக் காட்டினேன். அந்த மூலைக்குத் தாவரவியலில் கக்கம் என்று பெயர். உற்றுப் பார்த்தால் அங்கே ஒரு சின்ன அரும்பு பச்சைப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு நாங்கள் உருவிக் கறியில் போடுகிற துண்டு ஒன்று ஈர்க்கோடு சேரும் இடத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஒன்றும் இல்லை. ஈர்க்கின் நுனியிலும் மேற்கொண்டு வளர்வதற்கு அரும்பு கிடையாது.

பூக்கும் தாவரங்களில் இது ஏறக்குறைய சட்டம் மாதிரி: இலை எங்கேயோ, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு. அரும்பு இருக்கும் மூலைதான் இலையின் அடி. அப்படிப் பார்த்தால் ஈர்க்கும் அதிலுள்ள அத்தனை துண்டுகளும் சேர்ந்துதான் ஒரே ஓர் இலை. நாங்கள் உருவுகிறவை அந்த இலையின் சீறிலைகள். முருங்கையில் வறை செய்ய உதிர்ப்பதும் சீறிலைகளைத்தான்; ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து பிரிந்து விரியும் அந்தக் கிளை மாதிரியான சமாச்சாரம் முழுவதும் ஓர் இலை. தென்னை மட்டையும் அப்படித்தான். பழுத்ததும் முழுசாகக் கழன்று விழுகிறதே, ஓர் இலை உதிர்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆள் எங்கள் தொடர்மாடியின் கீழே, சீமெந்து வெடிப்பில் முளைத்து நிற்கிறது: கீழ்க்காய்நெல்லி. பார்வைக்குக் கறிவேப்பிலையின் குட்டித் தம்பி. ஒரு மெல்லிய ஈர்க்கு, இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள். ஆனால் ஈர்க்கைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சின்ன இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். பூ வருவது அரும்பிலிருந்து. அரும்பு இருப்பது கக்கத்தில். ஆகவே இங்கே ஒவ்வொரு துண்டும் ஒரு முழு இலை, ஈர்க்கு ஒரு கிளை. இந்தச் செடிக்குக் கீழ்க்காய்நெல்லி என்று பெயர் வைத்தவர் யாரோ, சான்றைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்.

ஆக, கறிவேப்பிலையின் ஒரு துண்டை மாவிலையோடு ஒப்பிடுவது பிழை. அந்த ஈர்க்கு முழுவதையும்தான் ஒற்றை மாவிலையோடு ஒப்பிட வேண்டும். வடிவம் வேறு, அளவு வேறு, ஆனால் இரண்டும் அதே உறுப்பு. "அதே உறுப்பு" என்கிற இந்த உறவைத்தான் பாடநூல் அமைப்பொப்பு என்கிறது. ஒரே வேலையைச் செய்வதால் மட்டும் ஒத்திருப்பவை தொழிலொத்தவை.

கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். இங்கே எல்லாரும் அங்கிள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கிள், வான் ஓட்டுகிறவர் அங்கிள், அப்பாவோடு வேலை செய்கிறவர் அங்கிள். அன்பாக விசாரிப்பார்கள், பெருநாளுக்குக் காசு தருவார்கள். தாய்மாமன் லண்டனில் இருந்துகொண்டு பத்து வருடமாக ஒரு கோல் எடுக்காமல் இருக்கலாம். இருந்தாலும் மாமன் மாமன்தான், ஏனென்றால் அந்த இடம் பிறப்பால் வந்தது. என்ன செய்கிறார் என்பது அதில் சேர்த்தி இல்லை. வேலையை வைத்து அங்கிள் என்பது தொழிலொப்பு. இடத்தையும் வழியையும் வைத்து மாமா என்பது அமைப்பொப்பு.

இந்தக் கருத்துக்குத் தெளிவான வரையறை தந்தவர் ஆங்கிலேய உடலமைப்பியலாளர் ரிச்சர்ட் ஓவன். 1843 இல் அவர் சொன்னதன் சாரம்: வெவ்வேறு விலங்குகளில், எந்த வடிவத்தில் இருந்தாலும் எந்த வேலையைச் செய்தாலும், அதே உறுப்பாக இருப்பது. கவனியுங்கள், அப்போது டார்வினின் நூல் வரவில்லை. அது வந்தது 1859 இல். அதாவது, உறவு இருப்பதை முதலில் கண்டுகொண்டார்கள். அது ஏன் இருக்கிறது என்பதற்குக் காரணம் 16 வருடம் கழித்து வந்தது. பொது மூதாதையிடம் இருந்த ஓர் உறுப்பு, பேரப்பிள்ளைகளிடம் வேறு வேறு உருவம் எடுத்திருக்கிறது. கூர்ப்பு என்று எங்கள் பாடநூலும் பரிணாமம் என்று மற்றவர்களும் சொல்வது இதைத்தான்.

விலங்குகளை வைத்துச் சொல்லும்போது கதை சுலபமாக ஓடும். மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு, எல்லாவற்றிலும் அதே எலும்புகள். தாவரத்தில் ஒரு சிக்கல் உண்டு. எங்களுக்குக் கை வயிற்றுக்குள்ளேயே ஒருமுறை உருவாகிவிடும், அவ்வளவுதான். மரமோ சாகும்வரை புதிது புதிதாக உறுப்பு போட்டுக்கொண்டே இருக்கிறது: ஒரு கணு, ஓர் இலை, கக்கத்தில் ஓர் அரும்பு, மறுபடி ஒரு கணு, ஓர் இலை, ஓர் அரும்பு. அந்த அரும்பு விழித்தால் கிளை, கிளையில் மறுபடியும் அதே வரிசை. எனவே "இந்தச் செடியின் இது, அந்தச் செடியின் எதற்குச் சமம்" என்ற கேள்வியோடு, "இதே செடியின் இது, இதே செடியின் எதற்குச் சமம்" என்று இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கிழங்குக் கூடை. சமையலறையில் எல்லாம் ஒரே கூடைக்குள்தான் கிடக்கிறது: உருளைக்கிழங்கு, வத்தாளங்கிழங்கு, இஞ்சி, வெங்காயம். நாலும் மண்ணுக்குள் சேமிப்பு. பெறாமகளிடம் ஓர் உருளைக்கிழங்கைக் கொடுத்துக் கண்ணைப் பார் என்றேன். உருளைக்கிழங்கின் கண் என்று சும்மா சொல்வதில்லை. அதற்குப் புருவமும் உண்டு. குழிக்குப் பக்கத்தில் வளைந்த கோடு ஒன்று தெரியும். அது ஒரு காலத்தில் இருந்த செதில் இலையின் தழும்பு. குழிக்குள் இருப்பது அந்த இலையின் கக்க அரும்பு. கண்கள் கிழங்கைச் சுற்றிச் சுருளாகப் போகும், ஒரு முனையில் நெருங்கியிருக்கும். மறு முனையில், தாய்ச்செடியோடு கிழங்கை இணைத்திருந்த இழையின் தழும்பு. இலை, அரும்பு, சுருள் வரிசை, எல்லாம் இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? உருளைக்கிழங்கு ஒரு தண்டு.

வத்தாளங்கிழங்கிலும் முளை வரும். ஆனால் எவ்வளவு தேடினாலும் புருவம் கிடைக்காது. கணு இல்லை, இலைத் தழும்பு இல்லை, மெல்லிய சல்லிவேர்கள்தான். அது வேர். இஞ்சியில் வளையம் வளையமாகத் தெரிவது இலைத் தழும்புகள், எனவே தண்டு. தாமரைக்கிழங்கும் தண்டு, நறுக்கினால் தெரியும் துளைகளைப் பார்த்து மயங்க வேண்டாம், இடையிடையே இறுகியிருக்கிற கணுக்களைப் பாருங்கள். வெங்காயம் இலையடிகள், தண்டு என்றால் அடியில் நாங்கள் வெட்டி எறிகிற அந்தச் சின்ன வட்டத்தட்டுத்தான்.

ஜேர்மன் விலங்கியலாளர் அடொல்ஃப் ரெமானே 1952 இல் இந்த மாதிரித் துப்புகளை மூன்றாக வகுத்தார். உறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது; அதற்கென்றே உள்ள நுணுக்கமான கட்டமைப்பு என்ன; ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே இடைநிலை வடிவங்கள் கிடைக்கின்றனவா. தாவரத்தில் முதல் துப்புக்குத்தான் மவுசு. இடைநிலை கிடைத்தால் அது போனஸ். வீதியோரங்களில் நட்டிருக்கிற அக்கேசியாவில் அந்தப் போனஸ் உண்டு. வளர்ந்த மரத்தில் அரிவாள் மாதிரி வளைந்து தெரிவது இலையின் அலகு இல்லை, தட்டையாகிப் போன இலைக்காம்பு. நம்பாதவர்கள் அதன் நாற்றைப் பார்க்க வேண்டும். முதல் இலைகள் தொட்டாற்சுருங்கி மாதிரிச் சிறகு விரித்து வரும். அடுத்து வருபவற்றில் காம்பு அகலித்து, நுனியில் மட்டும் கொஞ்சம் சிறகு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் பிறகு சிறகே இல்லை. கூர்ப்பு பல இலட்சம் ஆண்டுகளில் நடந்த பாதையை நாற்று சில கிழமைகளில் நடந்து காட்டுகிறது என்று சொல்ல நாக்குத் துடிக்கும். அப்படிச் சொல்வது முழுச் சரியில்லை, ஆனாலும் பார்க்க அழகு.

முள்ளுக்கு வருவோம், ஏனென்றால் பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் குத்துப்படுவது இங்கேதான்.

ரோசா முள்ளைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். "டிக்" என்று கழன்று வரும், கீழே ஒரு வழவழப்பான தழும்பு. தோலும் தோலுக்கு அடுத்த படையும் புடைத்து வந்தது அது. உள்ளே நீர் கடத்தும் குழாய் இல்லை, கணுவோ கக்கமோ பார்க்காமல் கண்ட இடத்தில் முளைக்கும். தேசி முள்ளை அப்படித் தள்ளினால் விரல்தான் போகும். அதற்குள் மரம் ஓடுகிறது. இடத்தைப் பார்த்தால் கச்சிதமாக இலையின் கக்கத்தில், அரும்புக்குப் பக்கத்தில். அதாவது அது ஒரு கிளை; கூராகி முடிந்துபோன கிளை. 2020 இல் வெளியான ஓர் ஆய்வில், தோடை இனச் செடியொன்றில் இரண்டு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தார்கள். முள் வர வேண்டிய இடங்களில் இலையும் அரும்புமாகக் கிளை வந்தது. வடிவத்தை மட்டும் பார்த்துப் பழைய தாவரவியலாளர்கள் சொல்லிவைத்ததை மரபணு வந்து ஆமோதித்த நல்ல சந்தர்ப்பம் இது.

இலந்தையில் முள் இலைக்காம்பின் அடியில் சோடியாக வரும், ஒன்று நேர், மற்றது கொக்கி. அது இலையடிச்செதில் மாறியது. நாகதாளியின் முள் இலை மாறியது. சப்பாத்து மாதிரித் தட்டையாக இருப்பது தண்டு. போகன்வில்லா முள் கக்கத்தில் வரும், பூங்கொத்து வருகிற அதே இடம். ஆக, குத்துகிற வேலை ஒன்று. அதற்கு ஆள் வந்தது தோலிலிருந்து, கிளையிலிருந்து, செதிலிலிருந்து, இலையிலிருந்து. முள் என்று தமிழில் ஒரே சொல் இருப்பதால் ஒரே பொருள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பற்றிப் படர்கிற தந்துவிலும் இதே கூத்துத்தான். கார்த்திகைப்பூச் செடியில் இலை நுனியே சுருண்டு தந்துவாகிறது. கொடித்தோடையில் தந்து கக்கத்திலிருந்து வருகிறது, பூக்கொத்து திரிந்தது. திராட்சையில் இலைக்கு எதிர்ப்பக்கம் வரும். குலையும் இலைக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். யாழ்ப்பாணத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சில தந்துகளில் ஓரத்தில் இரண்டு மூன்று பழம் தொங்கும். பாதி தந்து, பாதி குலை. 2002 இல் திராட்சையின் குள்ள வகை ஒன்றை ஆராய்ந்தவர்கள், கிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோனுக்குச் செவிசாய்க்காத ஒரு மரபணு மாற்றத்தால் அதன் தந்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் பூங்கொத்தாக மாறியிருப்பதைக் காட்டினார்கள். பந்தலில் நின்ற தோட்டக்காரர் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

பாகல், பீர்க்குத் தந்து மட்டும் நெடுங்காலம் பஞ்சாயத்தில் இருந்தது. இலை என்றார்கள், கிளை என்றார்கள், பூக்காம்பு என்றும் சொன்னார்கள். 2015 இல் வெள்ளரியில் ஒரு மரபணு கெட்டுப்போன வகையை ஆராய்ந்தபோது, அதன் தந்துகள் பற்றும் திறனை இழந்து கிளையின் குணத்தைக் காட்டின. பெரும்பாலானவர்கள் இப்போது கிளைப் பக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகு பெறாமகள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "உருளைக்கிழங்கும் தண்டு, இஞ்சியும் தண்டு. அப்ப ரெண்டு கிழங்கும் அமைப்பொத்ததா, தொழிலொத்ததா?"

இரண்டும். இங்கேதான் அநேகமான விளக்கங்கள் நழுவிவிடுகின்றன. "இவை அமைப்பொத்தவையா" என்ற கேள்வி அரைக் கேள்வி. "என்னவாக?" என்று கேட்டால்தான் முழுக் கேள்வி. தண்டாகப் பார்த்தால் உருளைக்கிழங்கும் இஞ்சியும் அமைப்பொத்தவை. இரண்டின் பொது மூதாதைக்கும் தண்டு இருந்தது. சேமிப்புக் கிழங்காகப் பார்த்தால் இல்லை; அந்த மூதாதையிடமிருந்து கிழங்கு இறங்கி வரவில்லை, ஒவ்வொரு வம்சமும் தன் பாட்டில் தன் தண்டைப் பருக்க வைத்துக்கொண்டது. வௌவால் சிறகும் பறவைச் சிறகும் கையாக ஒன்று, சிறகாக வேறு என்பது போல.

இதற்கு நான் வைத்திருக்கிற மிகச் சிறந்த உதாரணம் இலங்கைக்கே உரியது. ஈரவலயக் காட்டோரங்களில் பந்துரா என்று சிங்களவர் சொல்லும் குடுவைத் தாவரம் இருக்கிறது. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம், நெப்பெந்தீஸ் டிஸ்டிலட்டோரியா. இலை நுனி கொடியாக நீண்டு, அதன் முடிவில் மூடியோடு ஒரு குடுவை. உள்ளே நீர், வழுக்கி விழுகிற பூச்சி அங்கேயே கரைந்து செடிக்குச் சாப்பாடாகும். வட அமெரிக்காவின் சதுப்புகளில் சரசீனியா என்று இன்னொரு குடுவைச் செடி. அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் செஃபலோட்டஸ் என்று மூன்றாவது. மூன்றிலும் குடுவை, மூன்றிலும் வழுக்கும் விளிம்பு. ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்வீர்கள்.

உறவினரைக் கேட்டால் சிரிப்பு வரும். பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவைத் தாவரவியலில் வரிசை என்பார்கள். பந்துராவின் வரிசையைச் சேர்ந்தவை முளைக்கீரையும் போகன்வில்லாவும் நாகதாளியும். சரசீனியா தேயிலையின் வரிசை. செஃபலோட்டஸ் புளியாரையின் வரிசை. ஆக, நுவரெலியாத் தேயிலைச் செடிக்குச் சரசீனியா சொந்தம். பந்துரா அதற்கு வெறும் அங்கிள்.

குடுவையாக இவை மூன்றும் அமைப்பொத்தவை இல்லை. ஆனால் மூன்று குடுவையும் இலையிலிருந்து வந்தவை; இலையாக மூன்றும் ஒன்று. இன்னும் ஒரு படி கீழே போனால் கதை மறுபடி திரும்புகிறது. செஃபலோட்டஸின் மரபணுத் தொகுதியை வாசித்து 2017 இல் வந்த ஆய்வு, பூச்சியைச் செரிக்கும் நொதியங்களுக்காக இந்த வம்சங்கள் தனித்தனியாக, ஆனால் ஒரே மரபணுக் குடும்பங்களிலிருந்தே ஆளெடுத்திருப்பதைக் காட்டியது. கிருமியை எதிர்க்க ஏற்கெனவே எல்லாச் செடியிடமும் இருந்த புரதங்கள் அவை. பாதுகாவலரையே சமையலுக்கு மாற்றியிருக்கிறார்கள், மூன்று ஊரிலும் தனித்தனியாக. ஒரே செடியைப் பற்றி, எந்தத் தட்டில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று வேறு பதில்கள். மூன்றும் சரி.

இப்போது நான் பிறகு வருகிறேன் என்ற இடம்: ஒரே செடிக்குள் நடக்கிற ஒப்பு.

விடிய எழும்பிப் பூசைக்குப் பூ ஆய்கிறவர்கள் வீட்டில் செவ்வரத்தை இருக்கும். ஒற்றைச் செவ்வரத்தையில் அல்லி, அதாவது நிற இதழ், ஐந்து. நடுவே நீண்ட குழாய், அதன் மேற்பகுதியில் மஞ்சள் மகரந்தப் பைகளோடு கேசரங்கள். அடுக்குச் செவ்வரத்தையை எடுத்து, வெளி அல்லி ஐந்தையும் பிடுங்கிவிட்டு, உள்ளே கசங்கிக் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். நான் போன சனிக்கிழமை பல்கனியில் இருந்து ஒரு பூவைப் பிரித்தேன். முதலாவது நல்ல அல்லி. இரண்டாவது ஒரு பக்கம் ஒடுங்கிய அல்லி. நாலாவதோ ஐந்தாவதோ எடுத்தபோது, சிவப்பு அல்லியின் ஓரத்தில், துணியில் பொத்தான் தைத்த மாதிரி, ஒரு மஞ்சள் மகரந்தப் பை. கீழே காம்பு கேசரக் காம்பு, மேலே பாதி அல்லி, ஓரத்தில் மகரந்தம். அல்லியா கேசரமா என்று கேட்டால் பூவே பதில் சொல்லத் தயங்கும்.

இந்த மாதிரிப் பூக்களைப் பார்த்துத்தான் ஜேர்மன் கவிஞர் கதே 1790 இல் தாவரங்களின் உருமாற்றம் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். விதையிலை, தண்டிலை, புல்லி (பூவின் வெளிவளைய இதழ்), அல்லி, கேசரம், எல்லாம் ஒரே அடிப்படை உறுப்பின் வேடங்கள் என்பது அவருடைய வாதம். கவிஞர் சொன்னதாயிற்றே என்று பலர் அதை அரைக் கண்ணால்தான் பார்த்தார்கள். 200 ஆண்டு கழித்து, 1991 இல், என்ரிகோ கோவன், எலியட் மெயரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏ-பி-சி என்ற மாதிரியை முன்வைத்தார்கள். ஒருவர் ஆராய்ந்தது அந்திரைனம் என்ற தோட்டப் பூச்செடியை, மற்றவர் கடுகின் சொந்தமான அராபிடொப்சிஸ் என்ற சின்னக் களையை.

மாதிரி எளிமையானது. பூ உருவாகும்போது நாலு வளையம். மூன்று வகை மரபணுக்கள் கட்டளை போடுகின்றன. ஏ தனியாக இருந்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் கேசரம். சி தனியாக இருந்தால் நடுவில் சூலகம். ஏயும் சியும் ஒன்றையொன்று அண்ட விடாது. சி இல்லாமல் போனால் அந்த இடத்தை ஏ பிடித்துவிடும். அப்போது என்ன நடக்கும்? கேசரம் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஏயும் பியும், அதாவது அல்லி. நடுவில் மறுபடி ஒரு புதுப் பூவே தொடங்கும். அராபிடொப்சிஸில் இந்தச் சி மரபணு கெட்ட செடி அல்லிக்குள் அல்லியாக அடுக்குப் பூப் பூக்கிறது. தோட்டங்களில் நாங்கள் ஆசையாக வளர்க்கிற அடுக்குப் பூக்கள் பலவற்றின் இரகசியம், சி வகையின் கட்டளை தளர்ந்துபோனதுதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்த பரிசோதனை இதற்கு அடுத்தது. மூன்று வகையையும் ஒரே செடியில் கெடுத்துவிட்டார்கள். பூ வர வேண்டிய இடத்தில் வளையம் வளையமாக வந்தவை ஏறக்குறைய இலைகள். பின்னால் கட்டளைகளைத் தலைகீழாகப் போட்டு, இலை வர வேண்டிய இடத்தில் அல்லி வரவும் செய்தார்கள். கதே சொன்னது உவமை இல்லை என்று ஆயிற்று. ஒரு பூவின் அல்லியும் கேசரமும், அதே செடியின் இலையும், ஒரே உறுப்பு வெவ்வேறு முகவரியில் நிற்பது. முகவரி எழுதப்பட்டிருப்பது மரபணுவில்.

முசெண்டாச் செடியில் வெள்ளை இலை மாதிரித் தெரிவது உண்மையில் ஒரே ஒரு புல்லி பருத்தது. போகன்வில்லாவின் நிறமெல்லாம் பூவடியிலை. பூ என்பது நடுவில் இருக்கிற வெளிறிய சின்னக் குழாய்தான். அந்தூரியத்தின் சிவப்புத் தட்டும் அப்படியான ஓர் இலைதான். இவற்றை இனி நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

இப்படி எல்லாம் மரபணுவில் தெளிவாகிவிட்டதே, இனி மரபணுவைப் பார்த்தே உறுப்புகளின் உறவைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கத்தரிக்காய்தான் அதைக் கெடுத்தது. சந்தையில் சில கத்தரிக்காய்களின் காம்பில் முள் இருக்கும், பையில் போடும்போது சுருக்கென்று குத்தும். ரோசா முள் போலவே தோலிலிருந்து வருவது. 2024 இல் வெளியான பெரிய ஆய்வொன்று, முள் இல்லாத கத்தரிக்கும், கத்தரிக் குடும்பத்தின் வேறு பல பயிர்களுக்கும், முள் போனது லொக் என்ற ஒரே வகை மரபணு கெட்டதால் என்று கண்டது. அத்தோடு நிற்காமல் ரோசாவிலும் அதே வகை மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். முள் குறைந்தது.

அப்படியானால் ரோசா முள்ளும் கத்தரி முள்ளும் ஒரே பொது மூதாதையின் முள்ளிலிருந்து வந்தனவா? இல்லை. அந்த இரண்டு வம்சமும் பிரிந்து 10 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. நடுவில் உள்ள சொந்தக்காரர் பெரும்பாலோருக்கு முள்ளே கிடையாது. லொக் என்பது சைற்றோகைனின் என்ற ஓமோனை உசுப்புகிற வேலைக்கென எல்லாச் செடியிலும் இருக்கிற மரபணு. 2007 இல் அதை நெல்லில் கண்டுபிடித்தவர்கள் தனியன் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அது கெட்ட நெற்பூவில் ஆறு கேசரத்துக்குப் பதிலாகப் பலவேளை ஒன்றே தனித்து நிற்கும். உயிரியலாளருக்கும் பகிடி தெரியும். முள் தேவைப்பட்ட ஒவ்வொரு வம்சமும் பெட்டியில் கிடந்த அதே ஆயுதத்தை எடுத்திருக்கிறது. மரபணுவாக ஒன்று, முள்ளாக வேறு. மறுபடியும் அந்த "என்னவாக?"

மழைக்காலத்தில் மதிலில் படர்கிற பாசியிலும் இலை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, சின்னதாக, பச்சையாக, சூரிய ஒளியில் உணவு செய்துகொண்டு. ஆனால் பாசியில் நாங்கள் பார்க்கிற பச்சை உடல் ஒரு தொகுதி நிறமூர்த்தம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கொண்ட தலைமுறை; மாமரத்தின் உடல் இரண்டு தொகுதி கொண்ட மற்றத் தலைமுறை. அந்த இலையும் இந்த இலையும் வேறு வேறு உடல்களில் வேறு வேறாகத் தோன்றியவை. உள்ளே இருந்து ஒளியில் உணவு செய்கிற பச்சையவுருமணி மட்டும் ஒன்று.

வரையறைக்கே அடங்காத ஆட்களும் உண்டு. குளங்களில் மிதக்கிற யுட்ரிகுலேரியா என்ற பூச்சி பிடிக்கும் செடிக்கு வேர் கிடையாது; அதன் உடலில் எது தண்டு, எது இலை என்று இடத்தை வைத்துச் சொல்லப் போனால் இடமே குழம்பியிருக்கும். கனடாவின் றொல்ஃப் சாட்லர் போன்றவர்கள் இவற்றை வைத்து, தண்டா இலையா என்று முழுசாக ஒரு பெட்டிக்குள் தள்ளாமல், பாதி இது பாதி அது என்கிற அமைப்பொப்பும் இருக்கலாம் என்று வாதிட்டார்கள். பரீட்சையில் அதை எழுதாதே என்று பெறாமகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் ரியூசன் முடிந்து வந்தவள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். கையில் ஒரு மாதுளைக் கொப்பு; கீழ்வீட்டு அன்ரியின் சாடியில் முறித்தது, கேட்டுத்தான் முறித்ததாம். நுனி கூர்ந்து முள்ளாகியிருந்தது. முள்ளின் நடுவில், இடமும் வலமுமாக, நகத்தளவில் இரண்டு இலை.

"முள்ளில இலை, சின்னம்மா."

"இலை எண்டால் எங்க பாக்கவேணும்?"

கைபேசி வெளிச்சத்தைப் போட்டுக் கக்கத்துக்குக் கிட்டப் பிடித்தாள். கனநேரம் பார்த்தாள். பருப்பு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் ஓடிப்போய்க் குறைத்தேன்.

"இருக்கு," என்றாள். "சின்னனா. அப்ப இதில இருந்து இன்னொரு முள்ளும் வரலாம், பூவும் வரலாம், என்ன?"